மலையில் நின்ற மருந்துக்குப் பெயர் சொன்னவர்: கொரிய வைத்தியர் ஹோ ஜுன்

கொரியா என்றவுடன் எங்கட ஆட்களுக்கு ஞாபகம் வருவது சாம்சுங் தொலைபேசியும் ஹியுண்டாய் காரும், பிள்ளைகள் இரவிரவாக இருந்து பார்க்கும் நாடகங்களும்தான். ஊரிலிருந்து அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போன பெடியளும் இருக்கினம். அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் தெரிந்திருக்கக்கூடிய ஒரு பெயர் ஹோ ஜுன். 400 வருடங்களுக்கு முன்னர் வாழ்ந்த அரண்மனை வைத்தியர். சாதாரண பிறப்பில்லை என்று ஒதுக்கப்பட்டவர். யுத்தத்தில் அரசனோடு சேர்ந்து இடம்பெயர்ந்து ஓடியவர். பிறகு அதே எல்லைக்குக் குற்றவாளியாக அனுப்பப்பட்டவர். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்தார். புத்தகத்தில் எழுதிக்கிடக்கிற மருந்து எது, அது எங்கட மலையிலும் வயல் வரம்பிலும் நிற்கிற எந்தச் செடி என்பதை, அந்தச் செடிக்குச் சனம் சொல்கிற பெயரிலேயே எழுதிவைத்தார். கேட்கச் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். எவ்வளவு பெரிய வேலை என்பதைப் போகப்போகப் பார்ப்போம்.

ஹோ ஜுன் பிறந்தது 1539ஆம் ஆண்டு என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். கொரியாவை அப்போது ஜோசொன் அரச வம்சம் ஆண்டது. தகப்பனார் படைத்துறை அதிகாரி, நல்ல குடும்பம். தாயார் முறைப்படியான மனைவி இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பெரிய அரச உத்தியோகத்துக்கான சோதனைக்குத் தோற்ற முடியாது. வைத்தியம், மொழிபெயர்ப்பு, கணக்கு, சோதிடம் இப்படியான தொழில்களுக்குத்தான் போகலாம். அவற்றை அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் இரண்டாந்தரமாகத்தான் பார்த்தார்கள். தரப்படுத்தலில் அடிபட்ட எங்கட தகப்பன்மார் தலைமுறைக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கெட்டித்தனம் இருந்தும் கதவு பூட்டிக்கிடந்தது.

அவர் வைத்தியம் படித்தது யாரிடம், எப்படி என்பதற்குச் சரியான பதிவு இல்லை. கொரிய நாடகத்தில் பார்த்தவர்கள், குருநாதர் செத்தபிறகு தன் உடம்பையே வெட்டிப் படிக்கச் சொல்லி மாணவனுக்குக் கொடுத்தாரே என்று கேட்பினம். அது 1990இல் வெளிவந்த ஒரு நாவலில் இருந்து வந்த கதை, பிறகு 1999இல் தொடங்கிய தொலைக்காட்சி நாடகம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. வரலாறு இல்லை. வரலாற்றில் உள்ளது இன்னும் எளிமையானது. யூ ஹீ சுன் என்ற கல்விமான் ஒருவர் இவருடைய கைராசியை அறிந்து, 1569இல் அரண்மனை வைத்தியசாலைக்குச் சிபாரிசு செய்தார். அந்த மனிதர் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவர். அதனால்தான் இந்த விசயம் எங்களுக்குத் தெரிகிறது. ஒரு சிபாரிசுக் கடிதம் ஒரு நாட்டின் வைத்தியத்தையே மாற்றிப்போட்டது என்று சொல்லலாம்.

அரண்மனையில் அவர் பெயர் எடுத்தது பெரியம்மையில். 1590இல் இளவரசன் குவாங்ஹேக்கு அம்மை போட்டது. அங்கேயும் எங்கட ஊர் மாதிரித்தான் நம்பிக்கை. அம்மை வந்தால் அது ஒரு தெய்வம் வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு. மருந்து கொடுத்தால் அந்தத் தெய்வம் கோபிக்கும் என்று பயந்து, கும்பிட்டுக்கொண்டு பேசாமல் இருப்பினம். அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டிவிட்டுக் காத்திருந்த எங்கட ஆச்சிமாருக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்ற வைத்தியர்கள் இளவரசனுக்கு மருந்து கொடுக்கத் தயங்கினார்கள். பிள்ளை செத்தால் கொடுத்தவன் தலைதான் போகும். ஹோ ஜுன் கொடுத்தார். பிள்ளை பிழைத்தது. அரசன் சொன்ஜோ அவரைப் பதவி உயர்த்தினான். மனைவி அல்லாதவளுக்குப் பிறந்த ஒரு வைத்தியனுக்கு இவ்வளவு பெரிய பதவியோ என்று அதிகாரிகள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். இந்த முறைப்பாடு அவர் வாழ்க்கை முழுக்கப் பின்னால் வந்தது.

1592இல் யுத்தம் வந்தது. ஜப்பானியப் படை பூசான் துறைமுகத்தில் இறங்கி மூன்று கிழமைக்குள் தலைநகரைப் பிடித்தது. அரசன் இரவோடு இரவாக வடக்கே ஓடினான். முதலில் பியோங்யாங், பிறகு சீன எல்லையில் யாலு ஆற்றங்கரையில் இருக்கிற உய்ஜு. அரசனோடு வெளிக்கிட்ட அதிகாரிகளில் கனபேர் வழியிலேயே மெல்ல நழுவி விட்டார்கள். ஹோ ஜுன் நழுவவில்லை, கடைசிவரை கூடவே போனார். தலைநகரில் அரண்மனை எரிந்தது, ஓலைகளும் ஏடுகளும் எரிந்தன. பின்னால் பஞ்சம், பஞ்சத்துக்குப் பின்னால் கொள்ளை நோய். இடம்பெயர்ந்து போகிற சனத்துக்கு என்னென்ன நடக்கும் என்பது இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், நான் விரித்து எழுதவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். மருந்து இல்லை. கொரிய வைத்தியம் சீன நூல்களை வைத்து வளர்ந்தது. அந்த நூல்களில் உள்ள பல சரக்குகள் சீனாவில் விளைபவை, விலை கூடியவை. யுத்தத்தில் பாதை அடைபட்டதும் அவை வரவில்லை. மலை முழுக்க மூலிகை நிற்கிறது. ஆனால் வைத்தியப் புத்தகம் சீன எழுத்தில், சீனப் பெயரில் இருக்கிறது. நோயாளிக்குப் பக்கத்திலேயே மருந்து நிற்கும், அதுதான் மருந்து என்று அவனுக்குத் தெரியாது.

இந்தச் சிக்கல் ஹோ ஜுன் காலத்தில் தொடங்கியது இல்லை. 1423இல் சேஜோங் என்ற புகழ்பெற்ற அரசன், உள்ளூரில் பிடுங்கிய 62 வகை மருந்துகளைச் சீனாவுக்கு அனுப்பி, உண்மையில் நூலில் உள்ளவைதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பித்தான். 14 பொருந்தவில்லை. அதாவது, அவ்வளவு காலமும் வேறு செடியை அந்தப் பெயரில் அவித்துக் குடித்திருக்கிறார்கள். 1433இல் அவன் காலத்திலேயே உள்நாட்டு மருந்துகளுக்கு என்று 85 பாகங்களில் ஒரு பெரிய நூல் தொகுக்கப்பட்டது. அதிலும் செடிகளின் ஊர்ப்பெயரைச் சீன எழுத்தைக் கடன்வாங்கித்தான் எழுத வேண்டியிருந்தது. கொரிய மொழிக்கென்று சொந்த எழுத்து இன்னும் பிறக்கவில்லை. பின்னர் 1446இல் அதே சேஜோங்தான் ஹங்குல் என்ற எழுத்தை நாட்டுக்கு அறிவித்தான். படித்தவர்கள் அதைப் பெண்களுக்கும் பாமரருக்கும் உரிய எழுத்து என்று ஒதுக்கி வைத்தார்கள்.

எங்கட பக்கத்திலும் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு. சிங்களத்தில் பாவட்டா என்று கேட்டால் நாங்கள் ஆடாதோடை என்கிற செடியைத் தருவினம். தமிழில் பாவட்டை என்பது வேறொரு செடி. ஒரே தீவுக்குள்ளேயே இப்படி என்றால், கடல் தாண்டி வந்த பெயருக்கு என்ன நடக்கும்?

1596இல், யுத்தம் சற்று ஓய்ந்திருந்த நேரம், சொன்ஜோ அரசன் ஹோ ஜுனைக் கூப்பிட்டு ஒரு புதிய வைத்திய நூல் தொகுக்கச் சொன்னான். அவன் கேட்டவை தெளிவானவை. கனக்க நூல்களில் சிதறிக்கிடப்பதைச் சுருக்கி ஒழுங்காக்க வேண்டும். மருந்துக்கு முதல் உடம்பைப் பேணுகிற வழியைச் சொல்லவேண்டும். வைத்தியர் இல்லாத ஒதுக்குப்புறக் கிராமங்களில் சனம் அநியாயமாகச் சாகிறது, ஆகவே உள்நாட்டு மருந்துகளை ஊர்ப்பெயரோடு எழுதவேண்டும். ஹோ ஜுனோடு வேறு ஐந்து பேர் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே, 1597இல், ஜப்பானியப் படை திரும்பவும் வந்தது. ஆளாளுக்குச் சிதறிப்போனார்கள், வேலை நின்றது. 1598இல் யுத்தம் முடிந்தபிறகு அரசன் அரண்மனையில் மிஞ்சிய 500 வைத்திய ஏடுகளை ஹோ ஜுனிடம் கொடுத்து, தனியாகவே செய்து முடிக்கச் சொன்னான்.

இதற்கிடையில் 1601இல் அவர் மூன்று சின்னப் புத்தகங்களை ஹங்குலில் செய்தார். ஒன்று பெரியம்மைக்கு, ஒன்று பிள்ளைப்பேற்றுக்கு, ஒன்று அவசர சிகிச்சைக்கு. என்னைக் கேட்டால் அவர் மனது விளங்குவது இந்த மூன்றிலும்தான். பேறுகால வருத்தம் இரவில் வரும், பிள்ளைக்கு அம்மை போட்டால் தாய்தான் பக்கத்தில் இருப்பாள். அவளுக்குச் சீன எழுத்துத் தெரியாது. அவள் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதினார்.

1608இல் அரசன் சொன்ஜோ இறந்தான். அரசன் இறந்தால் தலைமை வைத்தியர்தான் குற்றவாளி, அதுதான் அந்த நாட்டு வழக்கம். பழைய பகைகளும் சேர்ந்துகொண்டன. மரண தண்டனை வரை கேட்டார்கள். புதிய அரசன் வேறு யாருமில்லை, 18 வருடத்துக்கு முன் அம்மையில் பிழைத்த அதே குவாங்ஹே. அவன் தண்டனையைக் குறைக்கப் பார்த்தான், முழுக்கத் தடுக்க முடியவில்லை. ஹோ ஜுனை உய்ஜுவுக்கு அனுப்பினார்கள். அரசனுக்கு விசுவாசமாக 1592இல் ஓடிப்போய் இருந்த அதே எல்லை ஊர். இந்த முறை தண்டனைக் கைதியாக, 70 வயதுக் கிழவனாக. 1609 முடிவில்தான் விடுதலை கிடைத்தது. அடுத்த வருடம், 1610இல், நூலை முடித்து அரசனின் கையில் கொடுத்தார். தொடங்கி 14 வருடம். அரசன் ஒரு குதிரை பரிசாகக் கொடுத்தான். நூலின் பெயர் டோங்குய் போகாம், கீழைத்தேய வைத்தியத்தின் கண்ணாடி என்று கருத்து எடுக்கலாம். 25 பாகம். யுத்தத்தில் வறுமைப்பட்டுக்கிடந்த நாட்டில் அச்சிட்டு முடிக்க 1613 ஆகிவிட்டது. மர எழுத்துகளைக் கோர்த்து அச்சிட்டார்கள்.

உடம்பின் உள், உடம்பின் வெளி, பலவகை நோய்கள், மருந்துச் சரக்கு, ஊசிமுறை என்று நூலில் ஐந்து பகுதி. மருந்துச் சரக்குப் பகுதிதான் எங்களுக்கு முக்கியம். சுமார் 1,400 சரக்குகள். முதலில் தண்ணீரில் தொடங்குகிறார், 33 வகைத் தண்ணீர்! விடியக் காலையில் கிணற்றில் முதல் அள்ளுகிற தண்ணீருக்கும் ஒரு தனி இடம். பிறகு மண், தானியம், மிருகம், மீன், பழம், மரக்கறி, பூண்டு, மரம், கல். சீனாவிலிருந்து வரவேண்டிய சரக்கு என்றால் தலைப்பில் அதற்கென்று ஒரு சீன எழுத்தை அடையாளமாக வைத்தார். உள்நாட்டில் உள்ளது என்றால் 600க்கு மேற்பட்டவற்றுக்கு ஹங்குலில் ஊர்ப்பெயர். எப்போது பிடுங்குவது, வேரா இலையா, வெயிலில் காயவைப்பதா நிழலிலா, எல்லாம் உண்டு. ஜின்செங் வேரைச் சீனப் பெயரில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் சிம் என்று எழுதினார். மலையில் ஜின்செங் தேடித் திரிகிறவர்கள் இன்றைக்கும் வேரைக் கண்டால் அந்தச் சொல்லைத்தான் உரத்துக் கத்துகிறார்கள்.

அதிலும் ஹாசுஓ என்ற கிழங்கைப் பற்றி எழுதியதைப் பார்க்கவேண்டும். காங்வொன் மாகாணத்தில் அதற்கு உன்ஜோரோங் என்று பெயர், ஹுவாங்ஹே மாகாணத்தில் சேபாக் வேர் என்று பெயர் என்று மாகாணவாரியாக எழுதிவைத்தார். வடமராட்சியில் ஒரு பெயர், தீவுப்பகுதியில் ஒரு பெயர், வன்னியில் வேறொன்று என்று எழுதுவது மாதிரி. அரண்மனையில் இருந்த மனிதருக்கு இது எப்படித் தெரியும்? பிடுங்குகிறவர்களைக் கேட்டிருக்கவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நூலில் செடிகளுக்குப் படம் கிடையாது. ஆகவே 400 வருடத்துக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த ஹங்குல் பெயர்கள்தான் பெரிய தடயம். சீனப் பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் வழி தவறும். ஒரு உதாரணம், டங்குவி. பெண்களின் வருத்தங்களுக்குக் கொடுக்கிற வேர். சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் அதே எழுத்தில்தான் எழுதுவார்கள். ஆனால் சீனாவில் விற்பது அஞ்சலிக்கா சைனென்சிஸ், ஜப்பானில் அஞ்சலிக்கா அகுடிலோபா, கொரியாவில் ஊதாப் பூப் பூக்கிற அஞ்சலிக்கா கைகாஸ். ஒரே குடும்பம், மூன்று செடி, உள்ளிருக்கும் சத்தும் ஒன்றில்லை. ஹோ ஜுன் டங்குவிக்குப் பக்கத்தில் எழுதிய ஊர்ப்பெயர் கொரியச் செடிக்கு இன்றும் வழங்குகிறது. நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் மூலிகைத் தேயிலை பெட்டியில் அடைக்கிறோம். பெட்டியில் செடியின் லத்தீன் பெயர் அச்சாகாவிட்டால் லொறியில் ஏறாது. முதலில் இது வெறும் அலுப்பான சட்டம் என்றுதான் எல்லாரும் நினைப்பினம்.

அது அலுப்புக்கு இல்லை என்பதற்குப் பெல்ஜியத்தில் நடந்தது சாட்சி. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த குளிசை எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது. 1993இல் வைத்தியர்கள் வெளிப்படுத்தினார்கள், பிறகு கணக்கு 100ஐத் தாண்டியது. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. நடந்தது என்னவென்றால், ஃபாங்ஜி என்று ஸ்டெபானியா என்ற கொடியின் வேர் வரவேண்டிய இடத்தில், அதே பெயரின் இன்னொரு வகையாக அரிஸ்டோலோக்கியா கொடியின் வேர் வந்துவிட்டது. கொரியாவில் அதே பெயருக்கு மூன்றாவது ஒரு கொடி. 1423இல் சேஜோங் அனுப்பிப் பொருந்தாமல் போன 14இல் இந்தப் பெயரும் ஒன்று! 570 வருடம் முன்னரே மணி அடித்திருக்கிறது. எங்கட வீடுகளிலும் ஒரு கவனம் வேண்டும். ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். ஊரிலிருந்து சரையில் கட்டி அனுப்புகிற மருந்தில் அவை இருந்தால் குடிக்கவேண்டாம், அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்துக்கு நஞ்சு.

ஹோ ஜுன் எழுதியதால் கொரியாவில் குழப்பமே இல்லை என்றும் இல்லை. சீனாவில் ஹாசுஓ என்பது ஒரு செடி, அவர் எழுதிய உன்ஜோரோங் என்ற பெயர் இன்று வேறொரு செடிக்கு, பெக்சுஓ என்று விற்கிற கிழங்குக்கு. 2015இல் கொரிய நுகர்வோர் முகவர் நிலையம் கடைகளில் இருந்த 32 பெக்சுஓ பொருட்களை மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. மூன்றில் மட்டும்தான் கலப்படமில்லாத பெக்சுஓ இருந்தது. பலவற்றில் இருந்தது பார்வைக்கு ஒத்த, கெதியாக வளர்கிற, சீனாவிலிருந்து வந்த இன்னொரு கொடி. வெட்டிக் காயவைத்துவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். பங்குச்சந்தை வரை அந்தச் செய்தி ஆட்டியது.

அவர் நூலில் உள்ள எல்லாவற்றையும் தூக்கித் தலையில் வைக்கவும் வேண்டாம். ஆள் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிற முறையும், வயிற்றில் உள்ள பெண் குழந்தையை ஆணாக மாற்றுகிற முறையும் அதில் இருக்கின்றன. பழைய நூல்களில் கண்டதைச் சேர்த்திருக்கிறார், காலத்தின் குறை. ஆனால் ஜப்பானில் 1724இலும், சீனாவில் 1760களிலும் இதே நூலை அச்சிட்டார்கள். யாரிடமிருந்து கடன் வாங்கினார்களோ அந்தச் சீனருக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி. 2009இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நூலை முடித்தும் ஹோ ஜுன் கால் நீட்டி இருக்கவில்லை. 1613இல் நாட்டில் காய்ச்சல் கொள்ளை நோயாகப் பரவியபோது, 70 வயது தாண்டிய நிலையிலும் அதற்கென்று இரண்டு சிறு நூல்கள் எழுதினார். 1615இல் இறந்தார். 1606இல் அரசன் கொடுக்க வெளிக்கிட்டு, பிறப்பைச் சொல்லி அதிகாரிகள் தடுத்துவிட்ட அந்த உயர்ந்த பதவியை, செத்தபிறகு கொடுத்தார்கள்.

அவருடைய சமாதி கனகாலம் எங்கே என்று தெரியாமல் கிடந்தது. கொரியா இரண்டாகப் பிரிந்தபிறகு அந்த இடம் எல்லைக்குப் பக்கத்தில், சனம் குடியிருக்க முடியாத இராணுவப் பகுதிக்குள் அகப்பட்டுப்போனது. 1991இல் ஒரு ஆய்வாளர் படையினரின் உதவியோடு பாஜு பகுதியில் பற்றைக்குள் தேடி, இரண்டாக உடைந்த ஒரு கல்லைக் கண்டெடுத்தார். எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. மிஞ்சியவற்றைச் சேர்த்து வாசித்தபோது, யுத்தத்தில் அரசனோடு கூடப்போனதற்காக அவருக்குக் கிடைத்த பட்டமும் அவருடைய பெயரும் வந்தன. பக்கத்தில் மனைவியுடையது, மேலே தாயாருடையது என்று நம்பப்படும் மேடுகள் இருக்கின்றன. அடுத்த வருடமே அரசு அதை நினைவிடமாக அறிவித்தது. சமாதி இருப்பது சாவடி தாண்டி, படையினரின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிக்குள்.